செல்லுலார் பொருட்களின் இணையப் பலகையை அமைத்தல்

வைஃபை எட்டாத இடத்தில் உள்ள மோட்டாரையோ நீர்மட்ட உணரியையோ செல்பேசிக் கோபுரம் வழியாக இணையத்தோடு சேர்க்க உதவுவது செல்லுலார் பலகை. கருங்குழி போன்ற ஊர்களில் கிணற்று மோட்டாரைக் கைப்பேசியால் இயக்கும் ஸ்டார்ட்டரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதற்குள்ளும் ஒரு சிம் அட்டைதான் இருக்கிறது.

மாணவர்கள் பெரும்பாலும் வாங்குவது மலிவான சிம்800எல். இது 2ஜியில் மட்டுமே இயங்கும். ஜியோவுக்கு 2ஜி வலையமைப்பே கிடையாது. ஆகவே ஜியோ சிம்மைப் போட்டுவிட்டுப் பலகை பழுது என்று எண்ண வேண்டாம். ஏர்டெல் சிம்மை இட்டுப் பாருங்கள். 4ஜி பலகை வாங்குவோர், இந்தியாவில் பயன்படும் 3, 5, 8, 40 ஆகிய அலைப்பட்டைகள் அதில் உள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்த இடர் மின்சாரம். சிம்800எல்லுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை தேவை. அலை அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனை இதற்குச் சரிப்படாது. மின்னழுத்தம் சரிந்தால் பலகை அணைந்து அணைந்து எரியும். 3.7 வோல்ட் லித்தியம் மின்கலமும், அருகில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் போதும். ஆன்டெனாவை மாட்டிய பிறகே மின்சாரம் கொடுக்கவும்.

பின்னர் கணினியின் சீரியல் திரையில் 'ஏடி' என்று அனுப்பினால் 'ஓகே' வரவேண்டும். 'ஏடி+சிஎஸ்க்யூ' அலைவலிமையை 0 முதல் 31 வரை காட்டும். 99 வந்தால் அலையை அளக்க முடியவில்லை என்று பொருள். 'ஏடி+சிரெக்?' கேள்விக்கு 0,1 என்ற விடை வந்தால் பதிவாகிவிட்டது. 0,2 என்றால் இன்னும் தேடுகிறது. பலகையின் சிறுவிளக்கும் இதைச் சொல்லும்: பதிவாகும்வரை ஏறக்குறைய வினாடிக்கு ஒருமுறையும், பதிவான பின் 3 வினாடிக்கு ஒருமுறையும் மின்னும்.