இருட்டு வேறு, மங்கல் வேறு

திருமானூர் கடைத்தெருவில் மழை பிடித்துக்கொண்டால் டீக்கடை பெஞ்சை விட்டு எழ மனம் வராது. போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது பேச்சு பழைய திகில் படங்கள் பக்கம் போனது. அறுபது வருஷத்துக்கு முந்தைய இத்தாலியப் பேய்ப்படம் ஒன்று 4கே தெளிவில் வட்டாக வந்திருப்பதாக ஒரு தம்பி சொன்னார். எதிரில் இருந்த பெரியவர் கேட்டார்: "அந்தக் காலத்துல 4கே ஏதுப்பா? இல்லாத தெளிவை எங்கிருந்து கொண்டாந்தாங்க?"

நல்ல கேள்வி. இன்னொரு டீ சொல்லிவிட்டு நாமும் அதையே பிடித்துக்கொண்டு நடப்போம்.

நம்மில் பலர் பழைய படங்களைப் பார்த்தது கொட்டகையில் இல்லை. வீடியோ கேசட் ஓட்டும் டெக்கை வாடகைக்கு எடுத்துத்தான். பொங்கல், காப்புக்கட்டு என்று ஏதாவது ஒரு சாக்கு வேண்டும். டிவியும் டெக்கும் தெருவுக்கு வரும், விடிய விடிய மூன்று படம் ஓடும். அப்படி ஒரு ராத்திரியில்தான் எஸ். பாலச்சந்தரின் 'நடு இரவில்' பார்த்தேன். வீணை பாலச்சந்தர் என்று உலகம் அறிந்த அதே மனிதர். 1970-இல் வெளியான படம். தீவு போன்ற தனியிடத்தில் ஒரு மாளிகை, சொத்தை எதிர்பார்த்து வந்து கூடும் உறவினர்கள், ஒவ்வொருவராக விழும் கொலை. மாடிப்படியில் யாரோ நிற்கிறார்கள் என்பது வரை தெரிந்தது. யார், எப்படி நிற்கிறார் என்பது தெரியவில்லை. திரை முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. பக்கத்தில் இருந்த அப்பாயி, "பழைய படம்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார்.

நம் எல்லோருடைய தவறான எண்ணமும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பழைய படம் என்றால் மங்கலாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். படம் மங்கல் இல்லை. நம் கைக்கு வந்த நகல்தான் மங்கல்.

எப்படி என்று பார்ப்போம். கேமராவுக்குள் ஓடிய ஃபிலிம் சுருள் 35 மில்லிமீட்டர் அகலம். அதன் மேல் வெள்ளி உப்பின் நுண்ணிய துகள்கள் பூசியிருக்கும். வெளிச்சம் பட்ட துகள் பிறகு கழுவும்போது கறுக்கும். கோலமாவை விடப் பல மடங்கு பொடியான துகள்கள் போட்ட கோலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 24 கோலம். இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சுமார் 13,500 அடி, நாலு கிலோமீட்டருக்கும் அதிகமான சுருள். கேமராவில் ஓடிய இந்த முதல் சுருளுக்குத்தான் நெகட்டிவ் என்று பேர். வெளிச்சம் சரியாகப் போட்டு, கவனமாக எடுத்த ஒரு நெகட்டிவில் நாம் வீட்டு டிவியில் பார்த்ததை விடப் பல மடங்கு விவரம் அன்றைக்கே பதிந்துவிட்டது.

பிறகு என்ன ஆனது? டீக்கடையையே பாருங்கள். புதுத் தூளில் இறங்கும் முதல் டிக்காஷன் ஒரு மாதிரி. அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் இறங்குவது வேறு. மூன்றாவது தடவை வெறும் நிறம்தான் இருக்கும். நெகட்டிவிலிருந்து கொட்டகைக்குப் போகும் பிரிண்ட் எடுப்பார்கள். அந்தப் பிரிண்ட் படப்பெட்டியில் ஏறி ஊர் ஊராகச் சுற்றும். பல்சக்கரத்தில் தேயும், கீறும், அறுந்து ஒட்டப்படும். திரையில் மழை பெய்வது போலக் கோடு விழுவது அதனால்தான். அப்படி ஓய்ந்துபோன பிரிண்டிலிருந்து கேசட், அந்தக் கேசட்டிலிருந்து இன்னொரு கேசட், அதிலிருந்து நம் தெருவுக்கு வந்த கேசட். எத்தனையாவது டிக்காஷன் என்று எண்ணிப் பாருங்கள்.

கேசட் போய் சிடி வந்தது. அதில் ஒரு படச்சட்டம் 352-க்கு 288 புள்ளி, அதாவது சுமார் 1 லட்சம் புள்ளிகள். டிவிடியில் 4 லட்சம். ப்ளூ-ரே வட்டில் 20 லட்சம். 4கே-யில் 80 லட்சத்துக்கும் மேல். 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் சிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது எத்தனையோ வீடுகளில் முதல்முறையாகப் பழைய படங்கள் சொந்தமாயின. அது பெரிய நன்மை. ஆனால் பாத்திரம் பெரிதாக ஆவதால் மட்டும் டீ கெட்டியாகாது. தேய்ந்த பிரிண்டை 4கே வட்டில் ஊற்றினால் தேய்மானம்தான் தெளிவாகத் தெரியும். வட்டின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட, எதிலிருந்து எடுத்தார்கள் என்று கேட்பதே சரியான கேள்வி.

திகில் படத்துக்கு இதில் கூடுதல் அடி. ஒரு சிடியில் 74 நிமிடப் படத்தை அடைக்க வேண்டும். அதற்காகப் படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, அதிகம் வித்தியாசமில்லாத இடங்களைச் சுருக்கி எழுதுவார்கள். சில்லறையைத் தள்ளிவிட்டு முழு ரூபாயில் கணக்கு எழுதுவது போல. பட்டப்பகல் பாட்டுக் காட்சியில் இந்த இழப்பு தெரியாது. இருட்டு மாடிப்படியில் கறுப்புக்கும் கருஞ்சாம்பலுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய படிநிலைகள்தான் அந்தச் சில்லறை. தள்ளப்படுவதும் அதுவே. கறுப்பு கட்டம் கட்டமாக நிற்கும். அதற்குள் நின்ற மனிதர் காணாமல் போவார்.

இருட்டை இயக்குநர் வேண்டுமென்றே வைத்தார். மங்கலை யாரும் வைக்கவில்லை. பாலச்சந்தரே 1954-இல் ஏவி.எம்முக்கு எடுத்த 'அந்த நாள்' படத்தில் ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் முகத்தில் பாதியை நிழலில் விட்டிருப்பார். அந்த நிழலுக்குள்ளும் கண் இருக்கும், நெற்றிச் சுருக்கம் இருக்கும். பாட்டே இல்லாத அந்தப் படத்தில் கதை சொல்லும் வேலையில் பாதியை நிழல்தான் செய்கிறது.

இத்தாலியில் மரியோ பாவா என்றொருவர் இருந்தார். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநர் ஆனவர். 1957-இல் வந்த 'ஐ வாம்பிரி' படத்துக்கு அவர்தான் ஒளிப்பதிவு. அதில் ஓர் இளம்பெண் வெட்டே இல்லாமல் நம் கண் முன்னால் கிழவியாவாள். நடிகையின் முகத்தில் சிவப்பு மையால் சுருக்கங்கள் வரைந்து, முதலில் சிவப்பு விளக்குப் போட்டார். கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அந்த வெளிச்சத்தில் சிவப்புக் கோடு தெரியாது. மெல்ல வேறு நிற விளக்குக்கு மாற்றியதும் கோடுகள் மேலெழும். சாம்பல் நிறத்தின் நுணுக்கத்தையே நம்பிச் செய்த வித்தை இது. பலமுறை நகலெடுத்த கேசட்டில் இதைப் பார்ப்பவருக்கு முகம் அழுக்கானது போலத்தான் தெரியும்.

பாவா 1960-இல் இயக்கிய 'லா மாஸ்கெரா தெல் தெமோனியோ'வுக்கு இன்னொரு சங்கடமும் நேர்ந்தது. அமெரிக்காவில் 1961-இல் வெளியிட்டவர்கள் சில காட்சிகளை வெட்டி, ரொபெர்த்தோ நிகோலோசியின் இசையை எடுத்துவிட்டு லெஸ் பாக்ஸ்டரின் இசையைப் போட்டார்கள். 'பிளாக் சண்டே' என்ற பெயரில் அங்கே ஒரு தலைமுறை அதையே அசல் என்று பார்த்து வளர்ந்தது. பிற்பாடு வந்த ப்ளூ-ரே ஒன்றில் இரண்டு வடிவங்களையும் சேர்த்தே கொடுத்தார்கள். அதுதான் நேர்மையான வெளியீடு என்பேன்.

நமக்கும் வெட்டு உண்டு. 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அகலத் திரைக்காக எடுத்ததைப் பழைய சதுர டிவி நிறையும்படி காட்டினால் படத்தில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் ஓரத்தில் போய்விடும்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வரலாம். தெளிவை யாரும் புதிதாகக் கொண்டுவரவில்லை. நெகட்டிவையோ அதற்கு மிக நெருங்கிய நகலையோ தேடிப் பிடித்து, கழுவி, அறுந்ததை ஒட்டி, சட்டம் சட்டமாகக் கணினிக்குள் படம் பிடித்து, கீறலைக் கையால் நீக்குகிறார்கள். முதல் டிக்காஷனைத் தேடிப் போகிறார்கள், அவ்வளவுதான். இந்த வேலைக்குப் பேர்போன ஊர்களில் ஒன்று இத்தாலியின் பொலோஞா. உதய் சங்கர் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த 'கல்பனா' (1948), புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரதியைக் கொண்டு பொலோஞாவில் சீராகி, 2012-இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் நம் பக்கத்து ஏலாக்குறிச்சிக்கு வந்து தமிழுக்கு உழைத்தார். சென்னையில் எடுத்த படம் உயிர் பிழைக்க இத்தாலிக்குப் போய் வந்திருக்கிறது. எனக்கு இதை நினைக்க நிறைவாக இருக்கிறது.

எல்லாப் படத்துக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. நெகட்டிவ் என்பது விதைநெல். நம் நாட்டில் பல படங்களுக்கு நெகட்டிவிலிருந்தே நேராகப் பிரிண்ட் போட்டுப் போட்டு அதைத் தேய்த்துவிட்டார்கள். விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்ட கதை. மிஞ்சியதை வெக்கையும் ஈரமும் தின்கின்றன. அசிடேட் ஃபிலிம் கெடத் தொடங்கினால் பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி நெடி அடிக்கும். சுருள் சுருங்கி வளையும். அந்த நிலைக்குப் போனதைத் திருப்ப முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும். நடராஜ முதலியார் எடுத்த முதல் தமிழ்நாட்டுப் படமான 'கீசக வத'த்தில் ஒரு சுருள்கூட இன்று இல்லை.

அரியலூர், தஞ்சாவூர்ப் பக்கங்களில் மூடிக்கிடக்கும் கொட்டகைகளின் பின்னறையிலோ, பழைய விநியோகஸ்தர் வீட்டுப் பரணிலோ துருப்பிடித்த படப்பெட்டி இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கீறல் விழுந்த பிரிண்டாக இருந்தாலும் பரவாயில்லை, நெகட்டிவ் இல்லாத படத்துக்கு அதுவே விதை. பிரித்து ஓட்டிப் பார்க்காமல், வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, புனே ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.