வீட்டில் இனித்த நாதம் ஒத்திகையில் கசப்பதேன்?

தாலாட்டில் தொடங்கும் நம் வாழ்வில் இசை இல்லாத நாளே இல்லை எனலாம். இந்நாளில் பள்ளி விழாக்களிலும் ஆலயப் பாடற்குழுக்களிலும் ஆர்மோனியம், கீபோர்டு ஆகியவற்றின் பக்கத்தில் எலெக்ட்ரிக் கித்தாரும் இடம் பெற்றுவிட்டது. அதனுடன் டிஜிட்டல் ஆம்ப்ளிபயரும் வந்து சேர்ந்துள்ளது. வீட்டு அறையில் தேனாய் இனிக்கும் அதன் நாதம், டிரம்ஸும் பேஸ் கித்தாரும் பாடகியரும் கூடும் ஒத்திகையில் வெறும் இரைச்சலாகிவிடுகிறது. அல்லது இருக்குமிடம் தெரியாமல் மறைந்துவிடுகிறது. கருவியில்தான் பழுது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மைக் காரணங்கள் நம் காதிலும், அறையிலும், உடன் இசைப்போரிடத்திலும் உள்ளன. அவற்றை இங்கே காண்போம்.

கித்தாரின் கம்பி அதிரும்போது அதன் கீழுள்ள காந்தச் சுருளில் மெல்லிய மின்னலை உண்டாகிறது. அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவதே ஆம்ப்ளிபயரின் வேலை. பழைய வகை ஆம்ப்ளிபயரில் கண்ணாடி வால்வுகள் உண்டு. அவற்றிடம் அளவுக்கு மீறி வேலை வாங்கும்போது பிறக்கும் கரகரப்பைத்தான் கித்தார் கலைஞர்கள் பெரிதும் விரும்புகிறார்கள். ஆனால் அதைப் பெற ஒலியை மிகவும் கூட்ட வேண்டும். அண்டை வீட்டார் பொறுப்பார்களா? டிஜிட்டல் கருவி அந்த வால்வின் குணத்தைக் கணக்குகளாக மாற்றி வைத்துக்கொண்டு, மெல்லிய ஒலியிலும் அதே கரகரப்பைத் தருகிறது. அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் 1996இல் ஆக்ஸிஸ் 212 என்ற இவ்வகை ஆம்ப்ளிபயரையும், 1998இல் பாட் என்ற சிறு கருவியையும் வெளியிட்டது. இன்று பல நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன.

எந்த ஒலி அளவிலும் அதே நாதத்தைக் கருவி தருகிறது என்றால், வேறுபாடு எங்கிருந்து வந்தது? நம் காதிலிருந்து! பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933இல் இதை அளந்து வெளியிட்டனர். ஒலி மெல்லியதாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் மிகக் குறைவாகவே கேட்கின்றன. மிக உயர்ந்த சுரங்களும் மங்கிவிடுகின்றன. 3000, 4000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள ஒலிகளே நன்கு கேட்கின்றன. ஒலி பெருகப் பெருக இந்த வேற்றுமை குறைகிறது. ஆகவே வீட்டில் மெல்ல வாசிப்பவர் தம்மை அறியாமலே பாஸையும் டிரெபிளையும் கூட்டி, மிடிலைக் குறைத்துவிடுகிறார். அதே அமைப்பை ஒத்திகையில் உரக்க வைத்தால் பாஸ் கும்மென்று அதிர்கிறது. டிரெபிள் ஊசியாய்க் குத்துகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் கித்தார் தனியே ஒலிக்கிறது. ஒத்திகையிலோ பிற கருவிகளும் உடன் ஒலிக்கின்றன. கித்தாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. பேஸ் கித்தாரின் கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. கீழ்த்தளம் பேஸ் கித்தாருக்கும் பெரிய டிரம்முக்கும் உரியது. மேல்தளத்தைச் சிம்பல் தட்டுகள் பிடித்துக்கொள்கின்றன. கித்தாருக்கு எஞ்சியிருப்பது நடுத்தளம்தான். மிடிலைக் குறைத்தவர் தம் வீட்டைத் தாமே காலி செய்தவர் ஆவார்!

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, டிஜிட்டல் கருவி ஆம்ப்ளிபயரை மட்டுமன்றி ஸ்பீக்கர் பெட்டியையும் அதன் முன் வைத்த மைக்கையும்கூடப் போலியாகச் செய்கிறது. கித்தாருக்கென்றே செய்த ஸ்பீக்கரில் இணைத்தால், ஸ்பீக்கரின் போலியை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் நாதம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மழுங்கும். பாடகியரின் குரல் வரும் பெரிய ஸ்பீக்கரில் இணைத்தால் அந்தப் போலி கட்டாயம் வேண்டும். இல்லையேல் தேனீக் கூட்டம்போல் இரையும்.

இரண்டாவது, வைக்கும் இடம். ஸ்பீக்கரின் உயர்ந்த சுரங்கள் டார்ச் விளக்கின் ஒளிபோல் நேராகவே பாய்கின்றன. பெட்டியைத் தரையில் வைத்தால் அவை வாசிப்பவரின் காலில் படுகின்றன. காதுக்கு மங்கலாகக் கேட்கிறது. அவர் டிரெபிளைக் கூட்ட, எதிரே நிற்பவர் காதைப் பொத்திக்கொள்கிறார். பெட்டியை ஒரு நாற்காலியின் மேல் ஏற்றிச் சற்றே சாய்த்து வைத்தால் போதும். அறையின் மூலையையும் தவிர்க்க வேண்டும். மூலை பாஸைப் பெருக்கும்.

மூன்றாவது, ஒலியின் அளவு. இதற்கு அளவுகோல் பாடுபவரின் குரலே. மைக் ஊளையிடாமல் குரலை எவ்வளவு உயர்த்த முடியுமோ அதுவே எல்லை. டிரம்ஸ் வாசிப்பவர் அந்த எல்லைக்குள் மென்மையாய் அடிக்கப் பழகினால் மற்றவர்களும் ஒலியைக் கூட்டத் தேவையில்லை. அதிக வாட் உள்ள பெட்டி வாங்கினால் தீருமென்பது தவறு. 50 வாட் 100 வாட் ஆனால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஒலி இரு மடங்காய்க் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும்.

நான்காவது, திருகுகள். எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போதே இவற்றை அமைக்க வேண்டும். முதலில் பாஸ், மிடில், டிரெபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள். பேஸ் கித்தாரின் சுரம் தெளியும் வரை பாஸைக் குறையுங்கள். கித்தார் கேட்கும் வரை மிடிலைச் சிறிது சிறிதாய்க் கூட்டுங்கள். கரகரப்பைத் தரும் கெயினை வீட்டில் வைத்ததைவிடக் குறையுங்கள். கெயின் மிகுந்தால் கம்பியைத் தொடும் விசையின் ஏற்றத்தாழ்வு மறைந்து, எல்லாச் சுரமும் ஒன்றுபோல் ஒலிக்கும். ரிவெர்ப் எனும் எதிரொலியையும் குறையுங்கள். அறைக்கே எதிரொலி உண்டு. ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் மாற்றி, ஒரு தோழியைத் தொலைவில் நிற்கச் செய்து கேளுங்கள்.

ஐந்தாவது, இந்த அமைப்பைக் கருவியின் நினைவில் 'ஒத்திகை' எனத் தனியாகப் பதிந்து வையுங்கள். வீட்டில் அது சற்று வறட்சியாய்த் தோன்றும். அதைத் திருத்த வேண்டாம். வீட்டுக்கென்று வேறொன்று இருக்கட்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. நம் ஒவ்வொரு காதினுள்ளும் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள் உள்ளன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம்வரை கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் நல ஆய்வாளர் வகுத்த வரம்பு. அதன்மேல் 3 டெசிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகக் குறைகிறது. 100 டெசிபலில் 15 நிமிடம்தான்! சிறிய அறையில் டிரம்ஸ் அந்த அளவைத் தொடுவதுண்டு. ஒத்திகை முடிந்தபின் காதில் 'கொய்ங்' என்று கேட்டால் அது எச்சரிக்கை மணி. காது அடைப்பான் அணிவதும் இடையிடையே ஓய்வு கொடுப்பதும் நலம்.

திருச்சபை 1967இல் வெளியிட்ட திருவழிபாட்டு இசை பற்றிய ஏட்டில், பாடலின் சொற்கள் விளங்காதபடி கருவிகளின் ஒலி குரலை மூழ்கடிக்கலாகாது என்று கூறப்பட்டுள்ளது. ஆலயத்துக்குச் சொன்ன இவ்விதி எல்லா மேடைக்கும் பொருந்தும். நடுத்தளத்தில் கித்தாரும் குரலும் அண்டை வீட்டார். ஆகவே பாடல் தொடங்கும்போது கித்தாரின் வால்யூமைச் சற்றுத் தாழ்த்தி, பாடல் நின்ற இடத்தில் உயர்த்துவது நற்பழக்கம்.

தோழியரே, நல்ல நாதம் என்பது தனியே கேட்டு மகிழ்வதன்று. பிறரோடு கூடி ஒலிக்கும்போது தன் இடத்தை மட்டும் நிரப்புவதாகும். விரலுக்குப் பயிற்சி தருவதுபோல் காதுக்கும் பயிற்சி தருவோம். பிறர் இசையையும் கேட்டு வாசிப்போம். இறைவன் தந்த செவிச் செல்வத்தைக் காப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி