மாலையில் பெய்த மழை மறுநாள் கணக்கில்

தென்மேற்குப் பருவமழைக் கணக்கு செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிகிறது. அக்டோபர் 1 முதல் வடகிழக்குப் பருவமழை. அந்த நாள் நெருங்க நெருங்க, மழைப் பட்டியலைப் பற்றி வாசகர்கள் அனுப்பும் கடிதங்களும் கூடிவிடுகின்றன. எல்லாவற்றிலும் சந்தேகம் ஒன்றுதான். வீட்டு வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற நாளுக்குப் பட்டியலில் பூஜ்யம் போட்டிருக்கிறது. வெயில் கொளுத்திய மறுநாளுக்கு 5 செ.மீ. என்று இருக்கிறது. அச்சுப்பிழையா, அதிகாரிகளின் அலட்சியமா என்று கேட்கிறார்கள். மேலூர்ப் பக்கமிருந்து எழுதிய ஒரு விவசாயி, 30-ஆம் தேதி சாயங்காலம் பெய்தால் அது எந்தப் பருவத்தின் மழை என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

அவருக்குப் பதில்: வடகிழக்கு. மழைக்கணக்கில் நாள் நள்ளிரவில் முடிவதில்லை, காலை 8.30 மணிக்கு முடிகிறது. இன்று காலை 8.30-க்கு மழைமானியில் இருக்கும் நீர் முழுவதும் இன்றைய தேதியில் ஏறும். அதில் பெரும்பகுதி நேற்று பெய்ததாக இருந்தாலும் அப்படித்தான். ஆகவே செப்டம்பர் 30-இன் கணக்கு அன்று காலையிலேயே மூடப்பட்டுவிடும். அன்று மாலை இடி மின்னலோடு கொட்டுவது அக்டோபர் 1-இல் ஏறி, வடகிழக்குப் பருவமழையின் முதல் வரவாகிவிடும். காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்பதை அந்தப் பதிவேடு கேட்பதில்லை.

8.30 எங்கிருந்து வந்தது? உலக வானிலை நிலையங்கள் எல்லாம் ஒரே நொடியில் வானத்தைப் பார்த்தால்தான் வரைபடம் போட முடியும். அதற்காக கிரீன்விச் நேரப்படி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளவெடுக்கிறார்கள். அங்கே அதிகாலை 3 மணி என்றால் நமக்கு 8.30. இலங்கையிலும் 8.30. கால் மணி முன்னால் ஓடும் நேபாளக் கடிகாரத்தில் 8.45. தேதி போடுவதில் மட்டும் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். பிரிட்டனில் காலையில் அளந்த மழையை முந்தைய நாளின் பெயரில் எழுதுகிறார்கள். நாமும் ஆஸ்திரேலியாவும் அளந்த நாளின் பெயரில் எழுதுகிறோம்.

மதுரைச் சமவெளியில் இந்த வழக்கம் ஒரு வேடிக்கையைச் செய்கிறது. இங்கே பகல் முழுக்க நிலம் சூடேறி, பிற்பகலில் மேகம் திரண்டு, மாலையிலோ இரவிலோதான் பெரும்பாலும் மழை பெய்கிறது. காலை 8.30 மணிக்கு வானம் அநேகமாக வெறுமையாக இருக்கும். ஒரு மழையை நடுவே அறுக்காமல் முழுசாக அளக்க இதைவிடத் தோதான நேரம் கிடையாது. ஆனால் அதே காரணத்தால், மதுரையின் மழையில் பெரும்பகுதி பெய்த நாளில் பதிவாவதில்லை. அளவு சரியாக இருக்கும், தேதி தள்ளிப்போயிருக்கும். 2024 அக்டோபர் 25-ஆம் தேதி பிற்பகலில் செல்லூர் மூழ்கியது நினைவிருக்கும். பந்தல்குடி வாய்க்கால் பொங்கி வீடுகளுக்குள் புகுந்தது. வானிலைப் பதிவேட்டில் அந்த மழைக்குரிய தேதி அக்டோபர் 26.

கடலோரத்தில் நிலைமை நேர் எதிர். வடகிழக்குப் பருவத்தில் அங்கே பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் மழை வலுக்கும். கொட்டிக்கொண்டிருக்கும்போதே 8.30 ஆகிவிடும். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால் 'கனமழை', 115.6 தொட்டால் 'மிக கனமழை', 204.5 தொட்டால் 'அதி கனமழை' என்று வானிலை ஆய்வு மையம் வகுத்திருக்கிறது. எந்த 24 மணி நேரம் என்பதுதான் விஷயம். கடற்கரை ஊர் ஒன்றில் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கிப் பகல் 1 மணி வரை 12 செ.மீ. பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர்க்காரருக்கு அது ஒரே மழை. 8.30-க்கு முன் 6, பின் 6 என்று பிரிந்தால் பதிவேட்டில் அது இரண்டு நாள் 'மிதமான மழை'. அதே 12 செ.மீ. மாலையில் பெய்திருந்தால் 'மிக கனமழை'. கடிகாரம் ஒன்றாலேயே இரண்டு படி இறங்கிவிட்டது. 'இந்த மாவட்டத்தில் எங்கும் கனமழை பதிவாகவில்லை' என்ற அறிவிப்பைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அறிவிப்பில் பொய் இருக்காது, நனைந்தவருக்கு அதனால் பயனும் இருக்காது.

இது அதிகாரிகளுக்குத் தெரியாததில்லை. அணை கட்டும் பொறியாளர்கள் தினசரிப் பதிவேட்டின் உச்ச மழையை அப்படியே நம்புவதில்லை. 24 மணி நேரத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் எண்ணலாம் என்றால் உச்சம் எவ்வளவு வரும் என்று பார்ப்பார்கள். அதற்காகப் பதிவான அளவோடு சராசரியாக 13 சதவீதம் கூட்டிக்கொள்வது உலக வழக்கம். இந்தியாவில் 15 சதவீதம் வரை கூட்டுகிறார்கள். மதகுக்குக் கொடுக்கும் இந்தச் சலுகையை மக்களுக்கான அறிவிப்பில் காணோம்.

கையால் அளப்பதைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். திறந்தவெளியில், விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி பதித்த பைபர் மானி. வாயின் பரப்பு 200 சதுர செ.மீ. புனலைத் தூக்கி, அதில் விழுந்து கிடக்கும் வேப்பிலையை உதறிவிட்டு, உள்ளே இருக்கும் பாட்டிலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்ற வேண்டும். நீரின் மேற்பரப்பு நடுவில் சற்றுக் குழிந்திருக்கும். அந்தக் குழிவின் அடியைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 1 செ.மீ. மழைக்கு 200 மி.லி. செல்லூரை மூழ்கடித்த அன்று நகரில் ஒரே நாளில் 9.8 செ.மீ., அதில் 15 நிமிடத்தில் மட்டும் 4.5 செ.மீ. என்று அரசுத் தரப்பு சொன்னது. பாட்டில் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர், அதில் 900 மி.லி. கால் மணியில் வந்தது. பாட்டிலுக்கு அது தெரியாது. நாள் முழுக்கத் தூறினாலும் அதே இரண்டு லிட்டர்தான். வாய்க்காலை உடைப்பது அந்தக் கால் மணி நேரம்.

தானியங்கி மானிகள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு அனுப்புகின்றன. மாநில அரசும் 1,400 தானியங்கி மழைமானிகள் அமைப்பதாக அறிவித்தது. எந்த 24 மணி நேரத்துக்கும் கூட்டிப் பார்க்கத் தரவு இருக்கிறது. ஆனாலும் காலையில் நம் கைக்கு வருவது 8.30 பட்டியல்தான். நூறாண்டுப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டுமானால் நேரத்தை மாற்றக் கூடாது என்பது வானிலை ஆய்வு மையத்தின் வாதம். ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம். ஆனால் பழைய கணக்கோடு புதியதையும் சேர்த்து வெளியிட அது தடையாக இல்லையே.

வெப்பநிலைக்கும் இந்த வம்பு உண்டா? உண்டு. அதிகபட்சத்தைக் காட்டும் பாதரச மானி, ஏறினால் தானாக இறங்காது, உதறித்தான் இறக்க வேண்டும். மே மாதத்தில் மாலை 4 மணிக்கு உதறி வைத்தால் அந்த நொடியின் 39 டிகிரியிலிருந்துதான் அடுத்த கணக்கு தொடங்கும். மறுநாள் மழை பெய்து 34-ஐத் தாண்டாவிட்டாலும் மானி 39 காட்டும். ஒரே வெயிலை இரண்டு நாளுக்கு எழுதியதாகிவிடும். அமெரிக்கத் தன்னார்வலர்கள் மாலையில் அளந்துகொண்டிருந்து காலைக்கு மாறியபோது, நாடே குளிர்ந்துவிட்டதுபோல் பதிவேடு காட்டியது. அதைத் திருத்தவே 1986-இல் தனிக் கணக்குமுறை வகுத்தார்கள். நம் செய்திக்குறிப்பில் பகலின் உச்சம் மாலை 5.30 நிலவரம், இரவின் குறைந்தபட்சம் காலை 8.30 நிலவரம்.

இனி வேறு சில சின்னக் கேள்விகள். மதுரை நகரம், விமான நிலையம் என இரண்டு வெப்பநிலை ஏன்? இரண்டும் வெவ்வேறு இடம், அவ்வளவுதான்.

வைகை அணைப் பட்டியலோடு மழை அளவு பொருந்தவில்லையே? அணை நிலவரம் காலை 6 மணிக்கு எடுப்பது, இடையில் இரண்டரை மணி நேரம் இருக்கிறது.

மழை நாள் என்பது? 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பதிவான நாள். அதற்குக் கீழே குடை பிடித்திருந்தாலும் கணக்கில் வராது.

பருவமழை 'இயல்பு' என்றால்? சராசரியைவிட 19 சதவீதம் குறைந்தாலும் அரசு மொழியில் இயல்புதான். கண்மாய் என்ன சொல்கிறது என்பது வேறு.

8.30-க்கு மழை கொட்டிக்கொண்டிருந்தால்? நனைந்துகொண்டே அளக்க வேண்டும், நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மொட்டை மாடியில் சொந்தமாக மானி வைத்திருப்பவர்கள்? நீங்களும் 8.30-க்கே அளங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் இரண்டால் வகுத்து எழுதாமல், இரண்டு நாள் மொத்தம் என்றே குறித்து வையுங்கள்.