பழைய ஊர்தியின் மின்னேற்றப் பழுது

உந்துபொறியின் சுழற்சியாற்றலில் ஒரு சிறு பங்கை மின்னாற்றலாக மாற்றி, விளக்கு முதலிய கருவிகளுக்கு வழங்கி, எஞ்சியதை மின்கல அடுக்கில் தேக்கிவைக்கும் உறுப்புகளின் கூட்டே மின்னேற்றத் தொகுதி எனப்படும். ஆக்கல், திருத்தல், அளவில் நிறுத்தல், தேக்கல் என நால்வகைத் தொழில்கள் இதில் நிகழ்கின்றன. ஆக்குவது மின்னாக்கி, மாறுமின்னோட்டத்தை ஒருபோக்கு மின்னோட்டமாகத் திருத்துவன இருமுனையங்கள், அழுத்தத்தை அளவில் நிறுத்துவது சீராக்கி, தேக்குவது மின்கல அடுக்கு. இந்நான்கையும் பிணைக்கும் செம்புக் கம்பிகளையும் அவற்றின் முனைகளையும் எவரும் ஓர் உறுப்பாக எண்ணுவதில்லை. ஆயினும் இருபது முப்பது ஆண்டுகள் ஓடிய ஊர்தியில் பழுதை முதன்முதலில் தேடவேண்டிய இடம் அவ்விணைப்புகளே.

கம்பிச்சுருளின் அருகே காந்தப்புலம் மாறுமாயின் சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்று 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த நெறியே மின்னாக்கியின் அடிப்படை. பட்டறைகளில் ஆல்டர்னேட்டர் எனப்படும் மாறுமின்னாக்கியின் நடுவே சுழலி என்னும் மின்காந்தம் சுழல்கிறது. அதன் சுருளுக்கு, நழுவுவளையங்களின் மேல் உரசி நிற்கும் இரண்டு தொடுகரிகள் வழியே சிறிதளவு மின்னோட்டம் ஊட்டப்படுகிறது. இத்தொடுகரியைத்தான் நம் தொழிலாளர் கார்பன் என்பர். சுழலியைச் சூழ்ந்து அசையாது நிற்கும் நிலையியில் மூன்று சுருள்கள் உள. அவற்றில் எழும் மூன்று மின்னலைகளும் ஒன்றுக்கொன்று 120 பாகை பின்தங்கி வருதலால், ஓரலை தாழும்பொழுது மற்றோரலை உயர்ந்து நிற்கிறது. ஆறு இருமுனையங்கள் அவ்வலைகளை ஒரே போக்கினவாகத் திருத்த, ஏறத்தாழ ஏற்றத்தாழ்வற்ற ஓட்டம் வெளிவருகிறது. பொறி விரைந்தாலும் தளர்ந்தாலும் அழுத்தம் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை நிற்கும்படி, சுழலிக்கு ஊட்டும் ஓட்டத்தைச் சீராக்கி கூட்டியும் குறைத்தும் ஆள்கிறது.

தேக்கும் உறுப்பாகிய ஈயக்காடி மின்கலத்தை 1859-இல் பிரெஞ்சு நாட்டுக் காஸ்டன் பிளாண்டே அமைத்தார். கலமொன்றுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட், ஆறு கலங்கள் தொடராக நிற்க, முழுமையாக மின்னேறிய அடுக்கு 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். அப்பொழுது காடிநீரின் ஒப்படர்த்தி 1.26 முதல் 1.28 வரை இருக்கும். அழுத்தம் 12 வோல்ட்டுக்கு இறங்கியதெனில் தேக்கத்தில் கால்பங்கே எஞ்சியுள்ளது என்று கொள்ளலாம். 

மின்னேற்றப் பழுதுகள் மூவகைப்படும்: குறைமின்னேற்றம், மிகைமின்னேற்றம், பொறி ஓடாதபொழுது நிகழும் மின்கசிவு. காலையில் பொறி கிளம்பவில்லை என்ற ஒரே முறையீடு மூன்றிலும் எழக்கூடும். ஆதலால் முறையீட்டைக் கேட்டு உறுப்பை மாற்றுவது அறிவுடைமையன்று. அளவியைக் கையில் எடுப்பதற்கும் முன்னரே, ஓட்டுநரின் கண்ணெதிரே உள்ள சிவப்பு விளக்கு பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

அவ்விளக்கின் ஒருமுனை திறவுகோல் வழியாக மின்கல அடுக்கோடும், மறுமுனை மின்னாக்கியின் சுழலிச் சுருளோடும் இணைந்துள்ளது. திறவுகோலைத் திருப்பியதும் விளக்கைக் கடந்து செல்லும் ஓட்டமே சுழலிக்கு முதற்காந்தத்தைத் தருகிறது. பொறி ஓடி மின்னாக்கி அழுத்தம் ஆக்கியபின் விளக்கின் இருமுனைகளிலும் அழுத்தம் ஒத்துவிடுதலால், ஓட்டம் நின்று விளக்கு அணைகிறது. அணைப்பதற்கெனத் தனிக் கருவி அங்கு எதுவுமில்லை என்பது எண்ணி மகிழத்தக்கது. இவ்வொழுங்கை அறிந்தவர் மூன்று முடிவுகளை எளிதில் எட்டலாம். திறவுகோலைத் திருப்பியும் விளக்கு எரியவில்லையெனில், விளக்கின் இழை அறுந்திருக்கும், அல்லது தொடுகரி தேய்ந்து வளையத்தைத் தொடாது நிற்கும். பொறி ஓடியும் விளக்கு முழு ஒளியோடு எரிகிறதெனில் மின்னாக்கம் நிகழவில்லை. மங்கலாக ஒளிர்கிறதெனில் இருமுனையம் ஒன்று பழுதுற்றிருக்கலாம், அல்லது இணைப்பொன்றில் அழுத்தம் இழக்கப்படுகிறது. இரண்டு வாட்டளவே உள்ள சிறுவிளக்கு இழையறுந்ததால் மின்னாக்கி உறங்கிக் கிடப்பதும், அது புரியாமல் மின்னாக்கியையே மாற்றிவிடுவதும் நம் பட்டறைகளில் புதியன அல்ல.

இனி அளத்தல். மின்னேற்றம் நின்று சில மணிப்பொழுது ஓய்ந்திருந்த அடுக்கில் முதலில் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர்ப் பொறியை மணித்துளிக்கு 1500 முதல் 2000 சுற்றுவரை ஓட்டி, முகப்பு விளக்குகளையும் காற்றூதியையும் இயக்கி, அடுக்கின் இருமுனைகளிலும் மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறவேயில்லையெனில் வார்ப்பட்டை, தொடுகரி, சீராக்கி என்ற முறையில் தேடுக. ஏறியும் 14-ஐ எட்டவில்லையெனில், அளவியின் ஒரு கோலை மின்னாக்கியின் வெளியீட்டு முனையிலும், மற்றதை அடுக்கின் நேர்முனையிலும் வைக்க வேண்டும். கோல் தொடவேண்டியது ஈயமுனையின் உடலையே. அதனைக் கவ்விய பிடியையன்று. இவ்விடத்துத் தவறினால் பிடிக்கும் முனைக்கும் இடையே ஒளிந்திருக்கும் பழுது அளவியின் கண்ணில் படாது. அடுத்து, மின்னாக்கியின் உடலுக்கும் அடுக்கின் எதிர்முனைக்கும் இடையே அவ்வாறே அளக்க வேண்டும். இரு பக்கங்களிலும் 0.2 வோல்ட் வரை பொறுக்கலாம். அதற்கு மிகுமாயின் இணைப்பே குற்றவாளி.

ஓர் எடுத்துக்காட்டு: மின்னாக்கியின் முனையில் 14.3 வோல்ட், அடுக்கின் முனையில் 13.4 வோல்ட், ஓட்டம் 30 ஆம்பியர் எனக் கொள்வோம். வழியில் இழந்தது 0.9 வோல்ட், அங்குள்ள மின்தடை 0.03 ஓம். காண்பதற்கு அற்பமான இம்மின்தடையில் 27 வாட் வெப்பம் எழுகிறது. இணைப்பைத் தொட்டால் சுடும். மின்னாக்கிக்குள்ளேயே அமைந்த சீராக்கியோ தன் அருகில் 14.3 கண்டு நிறைவடைந்துவிடுதலால், அடுக்கு அரைவயிற்றோடு கிடப்பதை அது அறியாது. நாட்பட அவ்வாறு கிடக்கும் அடுக்கின் தகடுகளில் ஈயக் கந்தக உப்பு கெட்டிப்பட்டு, பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் கரைவதில்லை. வெண்மையும் பசுமையும் கலந்து முனையில் பூத்த பொருக்கை ஆப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, முனையையும் பிடியின் உட்புறத்தையும் மாழை மின்னும்வரை தேய்த்து, இறுக்கியபின் மேலே மசகு பூசினால் பழுது தீரும். கழற்றும்பொழுது எதிர்முனை முதலாகவும் பூட்டும்பொழுது அது இறுதியாகவும் இருத்தல் வேண்டும்.

வார்ப்பட்டையைப் பற்றிச் சொல்ல நெடிதாக ஒன்றுமில்லை. இரு கப்பிகளின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 13 மில்லிமீட்டர் தாழலாம். பக்கங்கள் கண்ணாடிபோல் வழவழப்புற்றிருந்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்றவே வேண்டும். இருமுனையத்தின் நலத்தை அறிய, அளவியை மாறுமின் அளவுக்குத் திருப்பி, ஓடும் பொறியில் அடுக்கின் முனைகளை அளக்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் அலை தென்பட்டால் ஆறில் ஒன்றேனும் பழுதுற்றது என ஐயுறலாம். குறுக்கிணைந்த இருமுனையம் பகலில் மின்னாக்கத்தைக் குறைப்பதோடு நில்லாமல், இரவில் அடுக்கின் மின்னைத் தன் வழியே கசியவும் விடும்.

ஏனைய கசிவுகளை, எதிர்முனைக் கம்பிக்கும் முனைக்கும் இடையே ஓட்ட அளவியை இணைத்து அறியலாம். நிறுத்திய ஊர்தியில் 0.05 ஆம்பியருக்கு மேல் ஓடுதல் முறையன்று. அரை ஆம்பியர் கசிந்தால், 40 ஆம்பியர்மணி கொள்ளும் அடுக்கு 80 மணியில் வறண்டுவிடும். உருகிகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்க்க, எதை உருவியதும் ஓட்டம் வீழ்கிறதோ அவ்வழியிலேயே கசிவு உள்ளது. மிகைமின்னேற்றத்தில் அழுத்தம் 15 வோல்ட்டைக் கடக்கும். காடிநீர் கொதிப்பதுபோல் குமிழியிட்டு நீரகமும் உயிரகமும் வெளிப்படும். வாலைநீரை அடிக்கடி ஊற்ற நேரும். சீராக்கியே அங்கு நோயுற்றது. அவ்வடுக்கின் அருகே தீப்பொறி எழ விடலாகாது.

உத்தரபாராவில் 2014 வரை உருவான அம்பாசடரின் முற்கால வார்ப்புகளில் இருந்தது டைனமோ என்னும் ஒருபோக்கு மின்னாக்கி. பொறி மெல்ல ஓடுங்கால் அது அடுக்குக்கு மின்னூட்ட இயலாது. நெரிசலில் விளக்கெரிய நின்று நின்று செல்லும் அத்தகைய ஊர்தியில் அடுக்கு வறள்வது பழுதன்று, கருவியின் இயல்பு. அந்நாளைய பட்டறைகள் மின்னாக்கியின் நலம் அறிய, ஓடும் பொறியில் அடுக்கின் கம்பியைக் கழற்றிப் பார்த்தன. அவ்வழக்கத்தை மாறுமின்னாக்கிக்கும் நீட்டிப்பது பெருந்தவறு. அடுக்கு என்னும் தாங்கி நீங்கியதும் அழுத்தம் திடுமெனப் பன்மடங்கு தாவி, நலமாயிருந்த இருமுனையங்களையும் சீராக்கியையும் எரித்துவிடும். அவ்வாறு ஆய்வு செய்யும் பட்டறையில் ஊர்தியை விடாதிருப்பதே நன்று.

தொடுகரியோ சீராக்கியோ மட்டும் பழுதெனில் முழு மின்னாக்கியை வாங்க வேண்டுவதில்லை. சென்னைப் பாடியில் இயங்கும் லூகாஸ் டிவிஎஸ் போன்ற ஆலைகளின் மின்னாக்கிகளுக்கு இவ்வுறுப்புகள் தனித்தனியே கடைகளில் கிடைக்கின்றன. பழுதை நீக்கியபின், வறண்ட அடுக்கை நிரப்பும் சுமையை மின்னாக்கியின் தலையில் ஏற்ற வேண்டா. நெடும்பொழுது முழுவலிமையோடு உழைத்தால் அது சூடேறிப் பழுதுறும். அடுக்கைக் கழற்றி, அதன் கொள்ளளவில் பத்திலொரு பங்கு ஓட்டத்தில், 40 ஆம்பியர்மணி அடுக்காயின் 4 ஆம்பியரில், வெளியிலிருந்தே மின்னேற்றி, ஒப்படர்த்தி ஆறு கலங்களிலும் 1.26-ஐ எட்டியபின் ஊர்தியில் பூட்டுக.