கிளியின் சிறகெலும்புக்குள்ளும் மூச்சுக்காற்று போகும், தெரியுமா?

மின்விசிறியில் அடிபட்டு விழுந்த கிளியைக் கையில் எடுத்ததும் நம்மில் பலர் செய்கிற முதல் காரியம், காயத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுவது. நில்லுங்கள்! தோளை ஒட்டிய சிறகெலும்பு உள்ளே வெறும் கூடு. அதற்குள் காற்றுப்பை நுழைந்திருக்கிறது. அந்தப் பை நுரையீரலோடு சேர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் ஒரு கோழியின் சிறகெலும்பை வெட்டி, மூச்சுக்குழாயைக் கட்டிப் பார்த்தார். வெட்டிய எலும்பின் வழியே காற்று போய் வந்தது! எலும்பு உடைந்து திறந்திருக்கும் இடத்தில் நீங்கள் ஊற்றும் தண்ணீர் எங்கே போகும் என்று இப்போது புரிகிறதல்லவா?

இதையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கீரிப்பாறைக்காரர்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். அரசு ரப்பர் கழகத்தின் தோட்டமும் தொழிற்சாலையும் ஒரு பக்கம், காளிகேசம் காடு மறுபக்கம். இந்த மலைத்தொடரில் பச்சைக்கிளி மட்டுமா இருக்கிறது? செந்தலைக் கிளி உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்குமே இல்லாத நீலச்சிறகுக் கிளி உண்டு. சிட்டுக்குருவி அளவே இருக்கும் தொங்கும் கிளி வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கித் தூங்கும். கூடு கட்டும்போது தாய்க்கிளி இலைக் கீற்றுகளை முதுகுப்புற இறகுக்குள் செருகிக்கொண்டு பறக்கும்!

சரி, அடிபட்ட கிளியை எப்படிப் பிடிப்பது? நெஞ்சை இறுக்கினால் போச்சு. கிளிக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சே வரும். மெல்லிய துணியால் மூடி, தலையின் இருபுறமும் விரல் கொடுத்து, நெஞ்சை விட்டுப் பிடிக்க வேண்டும். வாயில் தண்ணீர் புகட்டலாமா? கூடவே கூடாது! மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் வேருக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. பால்சோறும் வேண்டாம், பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி பறவைக்கு இல்லை. தேங்காய் எண்ணெய் தடவுகிற கைகளுக்கு ஒரு வார்த்தை: எண்ணெய் பட்டால் இறகு ஒட்டிப்போய் உடம்புச் சூடு வெளியேறிவிடும். கிளியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ், நமக்குக் கடும் காய்ச்சல்! ஆகவே துளையிட்ட அட்டைப்பெட்டி, இருட்டு, இதமான வெதுவெதுப்பு. மற்றதெல்லாம் பிறகு.

புதிதாக முளைக்கும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடுகிறது, தெரியுமா? அது முறிந்தால் ரத்தம் நிற்காமல் வடியும். பச்சைக்கிளியின் எடையே சுமார் 120 கிராம். அதில் ரத்தம் பத்தில் ஒரு பங்குதான். சோளமாவை வைத்து மெல்ல அழுத்திப் பிடியுங்கள். பூனை கவ்விய கிளி என்றால் காயம் ஊசிமுனை அளவுதான் என்று விட்டுவிடாதீர்கள். பூனை எச்சிலில் உள்ள கிருமி ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி நல்ல செய்தி. அசையாமல் கட்டிய பறவை எலும்பு சுமார் மூன்று வாரத்தில் கூடிவிடும், நம் எலும்பை விட வேகமாக! அதுவரை கிளியைப் பராமரிப்பவர்கள் தினமும் எடை பார்க்க வேண்டும். நோயை மறைப்பதில் கிளி கெட்டிக்காரி. உடம்பு தேறுகிறதா இல்லையா என்பதைத் தராசு முதலில் சொல்லும். பத்துப் பன்னிரண்டு கிராம் குறைந்தாலே ஆபத்து. தின்ன மறுக்கும் கிளிக்குச் சிவந்த பழமிளகாய் கொடுத்துப் பார்க்கலாம். பறவைக்கு மிளகாயின் காரம் உறைக்கவே உறைக்காது! அவகாடோ மட்டும் வேண்டாம், அது கிளிக்கு நஞ்சு.

ஊனப்பட்ட கிளியும் சமாளித்து வாழும். நியூசிலாந்தில் புரூஸ் என்றொரு கியா கிளி இருக்கிறது. 2013-இல் மேல் அலகே இல்லாமல் மீட்கப்பட்டது. அலகில்லாமல் இறகைக் கோதுவது எப்படி? சிறு கூழாங்கல்லை நாக்குக்கும் கீழ் அலகுக்கும் நடுவே பிடித்துக் கோதிக்கொள்கிறது! 2021-இல் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்தார்கள். யாரும் சொல்லித் தரவில்லை, அதுவே கண்டுபிடித்தது.

கிளிக்கு நேரும் கேடுகள் எல்லாவற்றிலும் என் மனதை அறுப்பது, வெட்டிவிட்ட சிறகு. வெட்டிய இறகு நகம் போல வளராது, அப்படியே நிற்கும். அடுத்த முறை உதிர்ந்து முளைத்தால்தான் பறக்க முடியும். அதுவரை ஓடக்கூட வழியில்லாத அந்தக் கிளிதான் நாய்க்கும் பூனைக்கும் முதல் இரை. உதிர்ந்த பழைய இறகை வெட்டுண்ட தண்டில் செருகி ஒட்டும் வித்தையை வல்லூறு வளர்ப்போர் பல நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். ஆனால் வெட்டாமலே விட்டிருக்கலாமே?

நம் நாட்டுக் கிளி எதையும் வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டில் இருந்தாலும் சரி, தோட்டத்தில் அடிபட்டுக் கிடந்தாலும் சரி, முதலுதவி செய்த கையோடு வனத்துறைக்குச் சொல்லுங்கள். கிளி தேறியதும் காட்டில்தான் பறக்க வேண்டும். தயவுசெய்து அதை உங்களிடமே வைத்துக்கொள்ளாதீர்கள்.