ஸ்காலர்ஷிப் என்றதும் ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள்

பிளஸ் டூ முடிவு வெளிவரும் மே மாதத்தில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்துக் குடும்பங்கள் பல ஒரே தவறை ஆண்டு தவறாமல் செய்கின்றன. "உங்க பையனுக்கு 50 சதவீதம் ஸ்காலர்ஷிப், இந்த வாரத்துக்குள்ள அட்வான்ஸ் கட்டினாத்தான் சீட்டு" என்று ஒரு தனியார் கல்லூரியிலிருந்து போன் வருகிறது. நகையை அடகு வைத்துப் பணத்தைக் கட்டி, மதிப்பெண் சான்றிதழ், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றையும் ஒரிஜினலாகவே கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங் நடக்கும்போது இதைவிட நல்ல கல்லூரி கிடைத்தாலும் கை கட்டிப்போட்டது போலாகிவிடுகிறது. சிலர் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிப்பதே இல்லை. அதுதான் பெரிய இழப்பு. பணம் கட்டியவர்களும் கட்டாதவர்களும், எந்தக் கல்லூரி என்ன சொல்லியிருந்தாலும், கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்தே ஆகவேண்டும். விண்ணப்பிப்பதால் ஏற்கெனவே கிடைத்த எந்த இடமும் பறிபோகாது.

பெயர் பெற்ற கல்லூரி என்றால் செலவு அதிகம், ஸ்காலர்ஷிப் என்றால் செலவு குறைவு என்ற எண்ணம் மற்ற ஊர்களில் சரியாக இருக்கலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் படிப்பில் பெரும்பாலும் நிலைமை தலைகீழ். கிண்டி பொறியியல் கல்லூரியும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் அரசு நிறுவனங்கள், கட்டணம் குறைவு. தனியாரில், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளின் கவுன்சலிங் இடங்களுக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு உச்சவரம்பு வைக்கிறது. 2017இல் அது நிர்ணயித்த தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000. சேரும் ஆண்டில் நடப்பிலுள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் அதில் 25,000 ரூபாயை அரசே கட்டுகிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பிடித்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டுமே அரசின் பொறுப்பு. இவை கவுன்சலிங் வழியாகச் சேருபவர்களுக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் கிடையாது. பட்டியல் இன மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையையும் 2018இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு மறுத்துவிட்டது. அட்வான்ஸ் கட்டும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் இதையெல்லாம் எடுத்துச் சொல்லமாட்டார்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. ஆவடியில் வேல் டெக் என்ற பெயரில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளும் இருக்கின்றன. பூந்தமல்லிக்கு அப்பால் தண்டலத்தில் சவீதா என்ற பெயரிலும் இந்த இரு வகையும் உண்டு. இதில் யாருடைய தவறும் இல்லை. ஆனால் வாசல் பலகையை மட்டும் பார்த்துச் சேருபவருக்கு எதில் சேருகிறோம் என்பது தெரிவதில்லை. கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு: "இந்தக் கல்லூரிக்குக் கவுன்சலிங் கோடு இருக்கா? எனக்குத் தர்ற சீட்டு கவுன்சலிங் கோட்டாவிலயா?" இரண்டுக்கும் ஆம் என்று எழுத்தில் பதில் வராவிட்டால், மேலே சொன்ன சலுகை எதுவும் வராது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, ஆண்டுக் கட்டணம் 2.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீத ஸ்காலர்ஷிப் நான்கு ஆண்டும் நிலைத்தால் மொத்தம் 5 லட்சம். முதலாண்டோடு நின்றுபோனால் 8.75 லட்சம். கவுன்சலிங் வழியாகச் சேர்ந்த முதல் பட்டதாரிக்கு, மேலே சொன்ன 55,000இல் 25,000 போக ஆண்டுக்கு 30,000 வீதம் 1.2 லட்சம். பஸ், தேர்வு, சீருடை என்று மற்ற செலவுகள் எங்கும் உண்டு. அதைச் சேர்த்தாலும் இந்த இடைவெளி மூடாது.

பெயரில் என்ன இருக்கிறது, படிக்கிற பிள்ளை எங்கும் படிப்பான் என்பது அடிக்கடி வரும் மறுப்பு. இதில் பாதி உண்மை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தரக் கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்களின் பிற்கால வருமானத்தை, அங்கேயே சேர்ந்தவர்களின் வருமானத்தோடு ஒப்பிட்டார்கள். பொதுவாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர் பெற்ற கல்லூரி கண்கூடான பலன் தந்தது. அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அப்படியே என்று அவர்களின் அடுத்த ஆய்வு சொன்னது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். தெரிந்தவர், சிபாரிசு, எங்கே எப்போது விண்ணப்பிப்பது என்ற விவரம் எல்லாம் படித்த குடும்பத்தில் வீட்டிலேயே கிடைத்துவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் பார்க்கும் தந்தையின் மகளுக்கு அவற்றைக் கல்லூரிதான் தரவேண்டும். ஆக, முதல் பட்டதாரிக் குடும்பம்தான் பெயரை எளிதில் விட்டுக்கொடுக்கக்கூடாது. கிண்டியோ எம்.ஐ.டி.யோ கிடைத்தால், ஆவடியிலிருந்து சென்ட்ரல் போய் பூங்கா ஸ்டேஷனில் தாம்பரம் ரயில் பிடித்தால் சீசன் டிக்கெட்டில் முடிந்துவிடும். விடுதியும் வேண்டாம்.

பிரிவு பிடிக்காவிட்டால்? கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் வேறு பிரிவு கிடைத்தவர், வீட்டுக்கருகே கம்ப்யூட்டர் சயின்ஸ் தரும் தனியார் கல்லூரியை நினைப்பது நியாயமே. அந்தப் பிரிவில் பிள்ளைக்கு உண்மையான நாட்டம் இருந்து, அந்தக் கல்லூரி கவுன்சலிங் கோட்டாவிலேயே கிடைக்கிறதென்றால் தாராளமாக எடுக்கலாம். நாட்டம் இல்லாமல் "எல்லாரும் அதைத்தானே எடுக்கறாங்க" என்று எடுப்பது வேறு கதை. இன்னொரு மறுப்பு, காத்திருந்தால் இருக்கிற சீட்டும் போய்விடுமே என்பது. தனியார் பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வோர் ஆண்டும் கவுன்சலிங் முடிந்த பிறகும் ஏராளமான இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. பேர் எடுத்த சில கல்லூரிகளின் சில பிரிவுகள் சீக்கிரம் நிரம்புவது உண்மைதான். மே மாதம் போன் போட்டு ஆள் சேர்க்கும் கல்லூரி பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது.

எல்லாம் பார்த்தபின் ஸ்காலர்ஷிப்பே மேல் என்று முடிவெடுத்தால், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். கல்லூரியின் முத்திரையோடு கூடிய கடிதத்தில் சில விவரங்கள் இருந்தாகவேண்டும். சலுகை சதவீதமாகவா, ரூபாயாகவா? கல்விக் கட்டணத்துக்கு மட்டுமா, மொத்தத்துக்குமா? நான்கு ஆண்டுக்குமா? எந்த சி.ஜி.பி.ஏ.வுக்குக் கீழே போனால் நிற்கும், ஓர் அரியர் வந்தால் என்ன ஆகும், வருகைப் பதிவு எவ்வளவு வேண்டும், ஆண்டுதோறும் கட்டணம் எவ்வளவு கூடும்? முதல் செமஸ்டரில் கணிதத்தில் ஓர் அரியர் வாங்குவது அதிசயம் அல்ல. அந்த ஒரு வரிதான் பல ஸ்காலர்ஷிப்புகளின் உயிர்நாடி. கல்லூரி சொல்வதைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. தேசியத் தரவரிசைக்கு, அதாவது என்.ஐ.ஆர்.எப்.புக்கு, கல்லூரிகள் கொடுக்கும் விவரக் கோப்பு அவற்றின் இணையதளத்திலேயே இருக்கும். தரவரிசை எண்ணை விட்டுவிட்டு அந்தக் கோப்பைத் திறங்கள். நிறுவனத்தின் சொந்த நிதியிலிருந்து முழுக் கல்விக் கட்டணமும் பெறுபவர்கள் எத்தனை பேர் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. "நூறு சதவீத ஸ்காலர்ஷிப்" என்று விளம்பரம் செய்த இடத்தில் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் வேறு விளக்கம் தேவையில்லை. வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளமும் அதே கோப்பில் இருக்கிறது. அது கல்லூரி தானே தரும் கணக்குதான். ஆனாலும் பேனரில் போடும் ஒற்றை மாணவரின் சம்பளத்தைவிட நம்பத்தக்கது.

பணம் கட்டியாகிவிட்டது, இப்போது வேறிடம் கிடைத்திருக்கிறது என்பவர்கள் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். இணைப்புக் கல்லூரி என்றால் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி பொருந்தும்: வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் செய்யாமல் மீதியைத் திருப்பவேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 அறிவிக்கை. அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கையில் விலகினால் முழுத் தொகை, அதில் பிடித்தம் 5 சதவீதத்துக்கும் 5,000 ரூபாய்க்கும் மிகாமல், அதற்குப் பின் கடைசித் தேதிக்குள் 90 சதவீதம், தேதி கடந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதன்பின் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமாகத் தனி அறிவிப்பு தருவதும் உண்டு. 2024இல் செப்டம்பர் 30 வரை முழுத் தொகையையும் திருப்பச் சொன்னது. ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்துவைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. இதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் "மீதி பீஸைக் கட்டிட்டு டி.சி.யை வாங்கிக்கோங்க" என்று சொன்னதும் பயந்து கட்டுபவர்கள்தான் அதிகம்: உரிமை இல்லை.

விலகல் கடிதத்தை நேரில் மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். "பிரின்சிபால் வரட்டும்" என்று நாளைக் கடத்தினால் உங்கள் சதவீதம் இறங்கிக்கொண்டே போகும். அதே நாளில் கல்லூரியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிய ரசீது எண், தேதி, தொகை, வங்கிக் கணக்கு, திருப்பித் தரவேண்டிய சான்றிதழ்களின் பட்டியல் எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குப் புகார். யு.ஜி.சி.யின் 2023 விதிப்படி அந்தக் குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தரவேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு. தரவேண்டிய ஸ்காலர்ஷிப்பைத் தராததும், சான்றிதழைத் தர மறுப்பதும் இந்த விதியில் புகாருக்குரியவை. யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்திலும் பதிவு செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்பார்கள்; கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய ஆணையம் 2020இல் தீர்ப்பளித்த பிறகு அந்த வழியை மட்டும் நம்புவது ஆபத்து. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு.

கவுன்சலிங் சலுகைகளில் முதல் பட்டதாரிக்கு உரியதை வாங்க ஒரு சான்றிதழ் வேண்டும்; தாமதம் அதிகம் நடப்பதும் அங்கேதான். இ-சேவை மையத்தில் ரெவ்-104 என்ற எண்ணுள்ள விண்ணப்பம் அது, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாக மண்டலத் துணை வட்டாட்சியருக்குப் போகும். தந்தை வழி, தாய் வழித் தாத்தா பாட்டி உட்படக் குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை என்று பார்ப்பார்கள். பெற்றோரும் மாணவரும் சேர்ந்து கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை. அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. மாவட்டம் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும், ஆதாரில் பழைய மாவட்டம் இருக்கிறதென்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் அலுவலர்களுக்குப் பிள்ளையின் கடைசித் தேதி பற்றிய கவலை இருப்பதில்லை. ஆதார் முகவரியை முன்கூட்டியே திருத்திவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூனில் போனால் வரிசையில் நிற்கவேண்டியிருக்கும், அதற்குள் அட்வான்ஸ் கேட்டு அடுத்த போன் வந்துவிடும்.