பதினெட்டு பைட் ஊர்ப்பெயர்

இரத்தினபுரி மாவட்டத்து றக்வானவை ஆங்கிலத்தில் எழுதினால் 7 பைட். தமிழில் எழுதினால் 18. யூனிகோட் கணக்கில் ற, க, புள்ளி, வ, கால், ன என 6 குறியீடுகள். இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கிறது. ரீலோட் போட்டுப் போனில் தமிழ்ச் செய்தி வாசிக்கும் தோட்டத்து இளைஞருக்கு இது டேட்டாச் செலவு.

இதைக் குறைக்கும் வழி சேர்வரில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டைச் சேர்வரில் ஓடவைக்கும் நோட்.ஜேஎஸ்ஸை 2009இல் ரையன் டால் வெளியிட்டார். அதற்குள்ளேயே இருக்கிறது இசட்லிப் என்ற சுருக்க நூலகம். 1995இல் ஜான்-லூ கையியும் மார்க் அட்லரும் சி மொழியில் எழுதி வெளியிட்டது அது.

இசட்லிப் இரண்டு படிகளில் சுருக்குகிறது. முதற்படி, லெம்பலும் ஸிவ்வும் 1977இல் சொன்ன வழி. செய்தியில் 'றக்வான' இரண்டாம் முறை வந்தால் அதை மறுபடி எழுதாமல், 'இவ்வளவு பின்னால் போய் 18 பைட் எடு' என்ற குறிப்பை மட்டும் வைக்கும். 32 கிலோபைட் வரை பின்னோக்கிப் பார்க்கும். இரண்டாம் படி, ஹஃப்மன் 1952இல் வகுத்தது: அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட், அரிதாக வருவதற்குக் கூடுதல் பிட். தமிழ்க் குறியீட்டின் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. இப்படித் திரும்பத் திரும்ப வருவதால், மும்மடங்காகப் பெருத்த தமிழின் பெரும்பகுதி இங்கே கரைந்துவிடுகிறது.

ஆனால் எதையும் சுருக்கலாம் என்று இறங்கக்கூடாது. இசட்லிப் சுருக்கியதைப் பொதிந்து அனுப்பும் ஜிசிப் உறையின் தலைப்பு 10 பைட், வால் 8 பைட். 'றக்வான' என்ற ஒற்றைச் சொல்லை அனுப்ப உறைக்கே 18 பைட் போய்விடும், சுருக்கினால் பெருக்கும். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை. அவற்றை மறுபடி சுருக்குவது வீண்வேலை.

நிரல் எழுதுவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒரே மூச்சில் சுருக்கும் 'ஜிசிப்சிங்க்' அழைப்பு முடியும்வரை நோட் வேறு எவருடைய கோரிக்கையையும் தொடாது. கூட்டம் வரும் தளத்தில் 'கிரியேட்ஜிசிப்' மூலம் ஸ்ட்ரீமாகத் துண்டு துண்டாக அனுப்புவதே சரி. மாறாத பக்கங்களை பிரோட்லி என்ற இன்னொரு சுருக்க முறையில் உச்ச அளவுக்குச் சுருக்கி முன்கூட்டியே வைத்துவிடலாம். அதற்கு நேரம் பிடிக்கும். ஆனால் அந்த நேரத்தை ஒருமுறை செலவழித்தால் போதும், வாசகர் ஒவ்வொருவருக்கும் டேட்டா மிஞ்சும்.